யாவரும் தேறவில்லை

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றும், அது கணிதத்தைப் பற்றியதாயினும் கணிதம் பயிலாதாரும் படிக்கத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றும் மலராசிரியர் எழுதியிருந்தனர். கணிதம் என்ற சொல்லைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடும் அன்பர் பலர் உளர் என்பதை யான் அறிவேன். ஆதலின் தேற்றங்களை அடுக்கிச் செல்லாமல், இக்கல்லூரியில் முதலாண்டு மாணவனாய் இருந்த காலத்து யான் செய்த பிழை ஒன்றையும், அதனை வாயிலாகக் கொண்டு என் ஆசிரியர் கற்பித்த தருக்கப் பாடத்தையும் ஈண்டுக் கூற முற்படுகின்றேன். பிழையும் பாடமும் இரண்டே சொற்களைப் பற்றியவை. அச்சொற்களையே கட்டுரைக்குத் தலைப்பாக இட்டிருக்கின்றேன்.

எம் ஊர் கரிசல் நிலத்துச் சிற்றூர். மழை பெய்தால் பருத்தியும் சோளமும் விளையும். பெய்யாதொழிந்தால் கடன் விளையும். என் தந்தையார் திண்ணைப் படிப்பும் நிரம்பாதவர். தம் பெயரை எழுதுவார். கடிதம் வந்தால் அடுத்த வீட்டுப் பள்ளிச் சிறுவனை அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவ்வாண்டுப் பருத்தி விற்ற பணத்திற் பெரும் பகுதியை என் கல்லூரிச் சம்பளமாகவும் விடுதிச் செலவாகவும் கொணர்ந்து கட்டினார். எம் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்தவருள் யானே முதல்வன். ஆதலின் என் படிப்பு என் வீட்டுச் செய்தியாக மட்டும் இராமல் ஊர்ச் செய்தியாகவே இருந்தது.

அரையாண்டுத் தேர்வு நடந்தது. எம் கணித வகுப்பில் 42 மாணவர். அவருள் 25 பேர் தேறினர். 17 பேர் தவறினோம். 'தவறினோம்' என்று தன்மைப் பன்மையில் எழுதுவதிலிருந்தே யான் எப்பக்கத்தவன் என்பது விளங்கும். எம் ஊர்ப் பள்ளியிற் கணக்கில் முதல்வனாய் இருந்தவன் இங்கே தவறினான் என்பதை வீட்டிற்கு எழுத என் கை எழவில்லை. எழுதாமல் இருக்கவும் இயலவில்லை. தேர்வு முடிந்த செய்தியைத் தந்தையார் அறிவார். நாள்தோறும் தபால்காரரை எதிர்நோக்கியிருப்பார். பொய் எழுதவும் மனம் துணியவில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி கண்டேன். இரவெல்லாம் விழித்திருந்து எழுதிய அக்கடிதத்தில், உடல் நலத்தையும் மழையையும் பற்றிய செய்திகளின் இடையே, "கணக்குத் தேர்வு மிகக் கடினமாக இருந்தது, எங்கள் வகுப்பில் யாவரும் தேறவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன்.

அவ்வரியைப் படிப்போர் "ஒருவரும் தேறவில்லை" என்றே கொள்வர் என்பதை யான் அறிவேன். அவ்வாறு கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் என் மனச்சான்று என்னை வினவியபோது, "யாவரும் தேறினர் என்பது மெய்யா? அன்று. ஆகவே யாவரும் தேறவில்லை என்பது மெய்யே" என்று விடை கூறி அதன் வாயை அடைத்தேன். தருக்கம் பயிலத் தொடங்குவதற்கு முன்னரே யான் தருக்கத்தை இங்ஙனம் பயன்படுத்தினேன்.

கடிதம் சென்ற ஐந்தாம் நாள் காலை, முதல் பாடவேளை தொடங்குமுன், தோளில் துண்டும் கையில் மஞ்சட் பையுமாகத் தந்தையார் கணிதத் துறை வாயிலில் நின்றார். என்னைத் தேடி விடுதிக்கு வாராமல் நேரே ஆசிரியரைத் தேடி வந்திருந்தார். யான் ஓடிச் சென்றபோது அவர் ஆசிரியரிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் ஒருவர்கூடத் தேறவில்லையாமே? என் பிள்ளை ஒருவன் தவறியிருந்தால் அவன் படிக்கவில்லை என்று விட்டுவிடுவேன். எல்லாப் பிள்ளைகளும் தவறியிருந்தால் அது வேறு விஷயம் அல்லவா? பாடம் விளங்கவில்லையோ என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் தம் பையனை வருகிற வருஷம் இங்கே சேர்க்கலாம் என்றிருந்தார், இப்பொழுது யோசிக்கிறார்."

ஆசிரியர் முகத்திற் சினம் தோன்றவில்லை, வியப்பே தோன்றியது. தந்தையாரை ஒரு நாற்காலியில் இருக்கச் செய்து, "பெரியவரே, நீங்கள் வந்து கேட்டது நல்லதாயிற்று. இருபத்தைந்து பேர் தேறியிருக்கிறார்கள். பதினேழு பேர் தேறவில்லை. உங்கள் மகன் அந்தப் பதினேழு பேரில் ஒருவன். அடுத்த தேர்வில் தேறக்கூடியவன்தான்" என்றார்.

தந்தையார் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து ஆசிரியரிடம் நீட்டினார். ஆசிரியர் அதனை இருமுறை படித்தார். பின்னர்க் கடிதத்தை மடித்துத் தந்தையாரிடமே கொடுத்து, "இந்த வரிக்கு இரண்டு பொருள் உண்டு, பெரியவரே. தம்பி எந்தப் பொருளில் எழுதினான் என்பது தம்பிக்குத்தான் தெரியும்" என்றார்.

தந்தையார் என்னைப் பார்த்தார். யான் நிலத்தைப் பார்த்தேன். அவர் எதனையும் வினவவில்லை. பையிலிருந்த அவித்த நிலக்கடலையை என் கையிற் கொடுத்து, "கூட்டாளிகளுக்கும் கொடு" என்று சொல்லி, உச்சிப் பொழுதின் வண்டிக்கே திரும்பிவிட்டார். அன்று அவர் என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியர் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையில், "யாவரும் தேறவில்லை" என்று பெரிதாக எழுதினார். என் நெஞ்சு துடித்தது. "இவ்வாறு ஒரு வாக்கியத்தை ஒருவன் எழுதினான். அவன் யார் என்பது நமக்கு வேண்டுவதன்று. இதன் பொருள் யாது?" என்றார். "ஒருவரும் தேறவில்லை என்பது" என்றான் ஒருவன். "தேறாதவர் சிலர் உளர் என்றும் கொள்ளலாம்" என்றான் மற்றொருவன். ஆசிரியர் இரண்டனையும் பலகையில் எழுதி, "இவ்விரண்டும் ஒன்றாகுமா?" என்று வினவினார். அன்று தொடங்கி மூன்று நாள் நடந்த அப்பாடத்தை என் சொற்களிற் சுருக்கித் தருகின்றேன்.

'தேறினான்' என்பது ஒரு பயனிலை. எழுவாய் இன்றி அதனை மட்டும் கூறினால் அது மெய்யும் அன்று, பொய்யும் அன்று. எழுவாய் நிற்கவேண்டிய இடம் வெற்றிடமாய் இருக்கின்றது. அவ்வெற்றிடத்தை இரு வகையால் நிரப்பலாம். ஒன்று, ஒருவன் பெயரை இடுதல். அப்பொழுது வாக்கியம் மெய்யோ பொய்யோ ஆகிவிடும். மற்றொன்று, பெயர் யாதும் இடாமல், 'எல்லாரும்' என்றோ 'ஒருவனாவது' என்றோ அளவுச் சொல் ஒன்றை முன்னே வைத்தல். தருக்க நூலார் இவ்விரண்டாம் வகையை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்தனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், எல்லாம், ஒன்றும் இல்லை, சில, சில அல்ல என்னும் நால்வகை வாக்கியங்களின் உறவை வகுத்துக் காட்டினர். ஆயினும், வெற்றிடத்தையும் அளவுச் சொல்லையும் வேறு பிரித்து, ஓர் அளவுச் சொல்லின் ஆட்சிக்குள் மற்றோர் அளவுச் சொல்லை அமைத்துக் கணிதம் முழுவதையும் எழுதுதற்குரிய முறையை முதன்முதல் நூலாக வெளியிட்டவர் செருமானியரான பிரெகே, ஆண்டு 1879. அமெரிக்கரான பியர்ஸ் என்பவரும் 1885-இல் இதனை ஒத்த முறையை வெளியிட்டனர். இன்று மாணவர் எழுதும் குறிகளுள் 'உண்டு' என்பதற்குரிய திருப்பிய 'ஈ' எழுத்து இத்தாலியரான பியானோ 1897-இல் வழங்கியது. 'எல்லாம்' என்பதற்குரிய தலைகீழான 'ஏ' எழுத்து செருமானியரான கென்ட்சன் 1935-இல் வழங்கியது.

இனி எம் வகுப்பிற்கு வருவோம். 'யாவரும் தேறினர்' என்பது 42 வாக்கியங்களை 'உம்' என்னும் கண்ணியாற் கோத்த சங்கிலி: இவனும் தேறினான், அவனும் தேறினான் என்று இறுதி வரை செல்லும். 'ஒருவனாவது தேறினான்' என்பது அதே 42 வாக்கியங்களை 'அல்லது' என்னும் சொல்லாற் கோத்தது. சங்கிலி அறுந்தது என்று காட்டுதற்கு எல்லாக் கண்ணிகளையும் உடைத்தல் வேண்டா. ஒரு கண்ணி உடைந்தமை காட்டினாற் போதும். ஆகவே 'யாவரும் தேறினர்' என்பதன் மறுப்பு 'தேறாதவன் ஒருவனாவது உளன்' என்பதே; 'ஒருவரும் தேறவில்லை' என்பது அன்று. அங்ஙனமே 'ஒருவனாவது தேறினான்' என்பதை மறுக்க விரும்புவோன், 42 பேரையும் ஒவ்வொருவராக எடுத்து, இவன் தேறவில்லை, இவன் தேறவில்லை என்று இறுதி வரை காட்டல் வேண்டும். மறுப்பு உள்ளே நுழையும்போது 'எல்லாம்' என்பது 'ஒன்றாவது' என்று மாறும். 'ஒன்றாவது' என்பது 'எல்லாம்' என்று மாறும். தருக்க நூலின் முதற் பாடம் இதுவே. சிறிது பொழுதில் விளங்குவது. ஆயினும் வாழ்நாள் முழுவதும் மறக்கப்படுவது. "அவ்வூரார் எல்லாரும் நல்லவர் அல்லர்" என்று ஒருவன் கூறக் கேட்டு அவ்வூரில் நல்லவரே இல்லை என்று கொள்வார் எத்துணையர்!

அன்று ஆசிரியர், "இந்த ஐயத்தை நம் தமிழ் இலக்கண நூலார் அறியாதவர் அல்லர், தமிழ்த் துறைக்குச் சென்று முற்றும்மையைப் பற்றிக் கேட்டு வாருங்கள்" என்று எம்மை அனுப்பினார். தமிழாசிரியர் விளக்கிக் கூறியதாவது: உம்மை இடைச்சொல்லுக்கு நன்னூலார் எட்டுப் பொருள் கூறினர், அவற்றுள் முற்று என்பது ஒன்று, எச்சம் என்பது ஒன்று. 'யாவரும்' என்புழி நிற்பது முற்றும்மை. ஆனால் முற்றும்மை சிலவிடத்து எச்சப் பொருளும் படும் என்பதைத் தொல்காப்பியர் காலத்திலேயே கண்டிருக்கின்றனர். எதிர்மறை வினையொடு அது சேருமிடத்து, முழுதும் இல்லை என்ற பொருள் போய், முழுதும் அன்று, சில உண்டு என்ற பொருள் தோன்றக்கூடும் என்று உரைகாரர் விளக்கினர். மறுப்பு 'எல்லாம்' என்பதற்குப் புறத்தே நிற்கின்றதா, அகத்தே நிற்கின்றதா என்பதே இரண்டிற்கும் உள்ள வேற்றுமை. மேனாட்டார் குறியிட்டு எழுதும் வேற்றுமையை எம் இலக்கணம் உம்மையின் பெயராற் குறித்திருத்தலை அன்று அறிந்து வியந்தேன். என் கடிதத்தின் குற்றத்திற்கு இரண்டு துறைகளிலும் பெயர் உண்டு என்பதை அறிந்து நாணினேன்.

மாணவர் 42 பேர் ஆயின் ஒவ்வொருவராகக் கேட்டறியலாம். எண்களோ முடிவில்லாதன. முடிவில்லாதவற்றைப் பற்றி 'எல்லாம்' என்று கூற மனிதனுக்கு என்ன உரிமை? இவ்வினாவிற்கு விடையாகவே நிரூபணம் என்னும் ஒன்று தோன்றியது. அதனை எமக்கு உணர்த்த ஆசிரியர் இரண்டாம் நாள் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்குக. அதிலிருந்து அவ்வெண்ணைக் கழிக்க. பின் 41 கூட்டுக. 1-ஐ எடுத்தால் 41; 2-ஐ எடுத்தால் 43; 3-க்கு 47; 4-க்கு 53; 5-க்கு 61. இவை யாவும் பகாவெண்கள். அதாவது 1-ஆலும் தம்மாலும் அன்றி வேறோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவை. பத்து வரை கணக்கிட்டு, "எப்பொழுதும் பகாவெண்ணே வரும்" என்று யாம் ஒரு குரலாக உரைத்தோம். "இருபது வரை பாருங்கள்" என்றார், பார்த்தோம். "முப்பது வரை" என்றார், பார்த்தோம். 40-ஐ எடுத்தபோது 1601 வந்தது; அதுவும் பகாவெண். நாற்பது சாட்சிகள் ஒருங்கே ஒன்றனைக் கூறினால் எந்த நீதிமன்றம் ஐயுறும்? "இனி 41" என்றார். 41-ஐ 41-ஆற் பெருக்கி, 41 கழித்து, 41 கூட்டினால் எஞ்சுவது 41-இன் மடங்காகிய 1681 அன்றோ! அது 41-ஆல் வகுபடும். நாற்பது சாட்சிகளின் சொல்லையும் நாற்பத்தோராவது சாட்சி ஒருவனே வீழ்த்திவிட்டான். இவ்வாய்பாட்டை 1772-இல் எடுத்துக் காட்டியவர் ஆய்லர் என்னும் ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கணிதப் பேரறிஞர்.

பேரறிஞரும் இவ்வழியில் இடறியதுண்டு. பிரெஞ்சு நாட்டுப் பெர்மா என்பவர் 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்து எண்களைக் கண்டார். 2-ஐ 1, 2, 4, 8, 16 தடவை முறையே அடுக்கிப் பெருக்கி 1 கூட்டினால் இவை வரும், ஐந்தும் பகாவெண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் பகாவெண்களே என்று அவர் நம்பினார். ஆறாவது எண் 4294967297. அது 641-ஆல் வகுபடும் என்றும், ஈவு 6700417 என்றும் ஆய்லர் 1732-இற் காட்டினர். பெர்மாவின் பெருமை இதனாற் குறைந்துவிடவில்லை. ஆயினும் அவர் கூறிய 'யாவும்' ஓர் எண்ணாற் குலைந்தது. உதாரணங்கள் எத்துணைப் பலவாயினும் 'எல்லாம்' என்பதை நிறுவா. மாறான உதாரணம் ஒன்றேயாயினும் அதனைக் குலைத்துவிடும். இச்சமனின்மையை உணர்ந்தவனே கணிதத்தின் வாயிலைக் கடந்தவன்.

அங்ஙனமாயின் 'எல்லாம்' என்பதை நிறுவுவது யாங்ஙனம்? ஆசிரியர் எளிய ஒன்றை எடுத்துக்கொண்டார். "இரண்டு ஒற்றையெண்களைக் கூட்டினால் எப்பொழுதும் இரட்டையெண்ணே வரும்." 3-உம் 5-உம் 8 ஆகும், 7-உம் 9-உம் 16 ஆகும் என்று அடுக்கினால் நிரூபணம் ஆகாது என்பதை முன்னரே கண்டோம். ஆதலின் ஒற்றையெண் ஒன்றை எடுத்துக்கொள்க. அஃது எது என்று கூறற்க. அதனைப் பற்றி நாம் அறிந்தது ஒற்றை என்பது ஒன்றே. ஆகவே அஃது ஏதோ ஓர் எண்ணின் இருமடங்கோடு 1 கூட்டியது. அவ்வேதோ எண்ணுக்கு 'க' என்று பெயரிடுவோம். மற்றை ஒற்றையெண் 'ச' என்னும் எண்ணின் இருமடங்கோடு 1 கூட்டியது. இரண்டனையும் கூட்டினால், 'க'வின் இருமடங்கும், 'ச'வின் இருமடங்கும், 2-உம் வரும். மூன்றும் இரண்டின் மடங்குகளே. ஆதலின் கூட்டுத்தொகை இரட்டையெண். முடிந்தது.

இதில் வியப்பு யாதெனின், யாம் கையாண்டது ஒரே ஓரிணை எண்களைத்தான். நிறுவியதோ முடிவில்லாத இணைகளைப் பற்றி. அஃது எங்ஙனம் இயன்றது? எடுத்துக்கொண்ட எண்ணுக்கு ஒற்றை என்பதன்றி வேறு சிறப்பு யாதும் யாம் கொடுக்கவில்லை. கொடுக்காத சிறப்பை நிரூபணத்தில் யாண்டும் பயன்படுத்தவும் இல்லை. ஆதலின் ஒற்றையாகிய எவ்வெண் வந்து, "என்னைப் பற்றி யாது கூறினீர்?" என்று கேட்பினும், அதனைக் 'க'வின் இடத்தில் நிறுத்தி அதே வாக்கியங்களைப் படித்துக் காட்டலாம். பிழையான நிரூபணங்கள் பல இவ்விடத்திலேதான் தோன்றுகின்றன. பொதுவாக எடுத்த எண்ணுக்கு இடையே நம்மை அறியாமல் ஒரு சிறப்பை ஏற்றிவிடுகின்றோம். பின்னர் அச்சிறப்பு உடையவற்றுக்கு மட்டும் உரியதை எல்லாவற்றுக்கும் உரியதாக முழங்குகின்றோம்.

'உண்டு' என்பதை நிறுவும் வழி வேறு. 100-க்கும் 110-க்கும் இடையே பகாவெண் உண்டு என்பதற்கு 101-ஐக் காட்டினாற் போதும். ஆனால் 'இல்லாதவற்றைப் பற்றிய எல்லாம்' என்று ஒன்று உண்டு. அது மாணவரைத் திகைக்க வைப்பது. "என் மேசைப் பெட்டியிலுள்ள பொற்காசுகள் யாவும் சோழர் காலத்தவை" என்றார் ஆசிரியர். பெட்டியைத் திறந்து காட்டினார். சுண்ணக் கட்டியன்றி வேறொன்றும் இல்லை. யாம் நகைத்தோம். "நகைக்க வேண்டா, யான் கூறியது பொய் என்பவர், சோழர் காலத்தது அல்லாத பொற்காசு ஒன்றை இப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுக" என்றார். எவரும் எழவில்லை. எடுத்துக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமையால் அவ்வாக்கியம் தருக்க நூலின்படி மெய்யே. "ஆயினும் இதனைக் கேட்டு என்னைச் செல்வன் என்று நம்பி ஒருவன் கடன் கேட்க வந்தால், யான் மெய்யே கூறினேன் என்று அவனிடம் தப்பித்துக்கொள்ளலாமா?" என்று கூறி நிறுத்தினார். வகுப்பு மீண்டும் நகைத்தது. யான் நகைக்கவில்லை.

மூன்றாம் நாள் அளவுச் சொற்களின் வரிசை முறையைப் பற்றிக் கூறினார். விடுதியில் எம் ஒவ்வொருவர் தகரப் பெட்டிக்கும் ஒரு பூட்டு உண்டு. "ஒவ்வொரு பெட்டிக்கும் அதனைத் திறக்கும் சாவி ஒன்று உண்டு" என்பது மெய். "எல்லாப் பெட்டிகளையும் திறக்கும் சாவி ஒன்று உண்டு" என்பது மெய்யாயின் விடுதியில் ஒருவரும் உறங்கார். சொற்கள் ஏறக்குறைய அவையே. 'ஒவ்வொரு' முன்னே நிற்கின்றதா, 'ஒன்று உண்டு' முன்னே நிற்கின்றதா என்பதே வேற்றுமை. எண்களிலும் இவ்வாறே: எவ்வெண்ணுக்கும் அதனிற் பெரிய எண் ஒன்று உண்டு, எல்லா எண்களினும் பெரிய எண் ஒன்று இல்லை.

இவ்வெளிய வேற்றுமை ஒரு பேரறிஞரையும் வழுக்கச் செய்தது. பிரெஞ்சு நாட்டுக் கோஷி என்பவர் 1821-இல் வெளியிட்ட பாட நூலில், தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டிக்கொண்டே செல்லும் தொடர் ஒன்று ஒவ்வோரிடத்தும் ஒரு முடிவை நெருங்குமாயின், அம்முடிவும் தொடர்ச்சியுடையதே என்று ஒரு தேற்றத்தை எழுதினார். நார்வே நாட்டு இளைஞரான ஆபெல் 1826-இல் அத்தேற்றத்திற்கு விலக்கு உண்டு என்று ஒரு தொடரைக் காட்டினார். பிழை யாது? ஒவ்வோர் இடத்துக்கும், இத்தனை உறுப்புகள் கூட்டினால் முடிவை வேண்டிய அளவு நெருங்கலாம் என்ற எல்லை ஒன்று உண்டு. இடந்தோறும் அவ்வெல்லை மாறலாம். தேற்றத்திற்கு வேண்டியதோ, எல்லா இடங்களுக்கும் பொதுவான எல்லை ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய சாவியை எல்லாப் பெட்டிக்கும் பொதுவான சாவியாகக் கொண்டதே பிழை. கோஷியே 1853-இல் தம் கூற்றைத் திருத்தி எழுதினர் என்று ஆசிரியர் சொல்லி, "திருத்தி எழுதுவது அறிஞர்க்கு இழுக்கு அன்று" என்று அன்றைய பாடத்தை முடித்தார்.

அம்மூன்று நாளும் ஆசிரியர் என் பெயரைக் கூறவில்லை. என் பக்கம் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. 'அவ்வாறு எழுதியவன் ஒருவன்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்னான் என்று காட்டாமல் 'ஒருவன் உளன்' என்று மட்டும் கூறுதற்குத் தருக்கம் இடம் தருகின்றது. அவ்விடத்தை அவர் எனக்கு நிழலாகத் தந்தார். அவரைப் பற்றி ஊரார் தாழ்வாகப் பேசுவதற்குக் காரணமாய் இருந்தவன் யான் என்பதை அவர் நன்கு அறிவார். என் சொல்லின் இருபொருளுக்குள் யான் ஒளிந்தேன். அவரோ ஒரு சொல்லின் பொதுமையால் என்னை மறைத்துக் காத்தார்.

அன்றிரவு தந்தையாருக்கு இரண்டாம் கடிதம் எழுதினேன். "அப்பா, எங்கள் வகுப்பில் 42 பேர். 25 பேர் தேறினார்கள். நான் தேறவில்லை. ஒருவரும் தேறவில்லை என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்பதற்காகவே முன் கடிதத்தில் அப்படி எழுதினேன். வாத்தியார் மீது குற்றம் இல்லை" என்று நான்கு வரிகள். அவற்றை அடுத்த வீட்டுச் சிறுவன் உரக்கப் படிப்பான் என்பதும், திண்ணையில் இருப்போர் கேட்பர் என்பதும் தெரிந்தே எழுதினேன்.

விடை வரவில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றபோதுதான் நடந்ததை என் தாயார் கூறினார். முதற் கடிதம் வந்த அன்று தந்தையார் மனம் பொறாமல் அச்செய்தியை ஒன்பது வீடுகளிற் சொல்லியிருந்தாராம். இரண்டாம் கடிதம் வந்த மாலை, அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவ்வொன்பது வீடுகளுக்கும் சென்று, "நான் சொன்னது தப்பு. இருபத்தைந்து பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள், என் பிள்ளைதான் தேறவில்லை" என்று சொல்லி வந்தாராம். "ஒரு வீட்டில் சொன்னால் மற்ற வீடுகளுக்குத் தானே தெரிந்துவிடாதா?" என்று தாயார் தடுத்தபோது, "நான் சொன்னது ஒன்பது வீட்டில் அல்லவா?" என்றாராம். ஒன்பதாவது வீடு, தம் மகனைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கியவர் வீடு. அவர் மகன் மறு ஆண்டு இங்கே சேர்ந்தான். என் விடுதி அறையிலேயே தங்கினான்.

அக்கடிதத்தைப் பற்றித் தந்தையார் என்னிடம் நேரே பேசியதில்லை. ஆனால் அதன் பின், யான் தேறிய ஆண்டுகளிலும், பிற்காலத்தில் யானே கணித ஆசிரியனாகி என் மாணவரின் தேர்வு முடிவைக் கூறியபோதும், "யாவருமா, சிலரா?" என்று கேட்பார். எண்ணைச் சொன்னால் தலையசைத்து வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொள்வார். பிரெகேயின் பெயரையும் முற்றும்மையின் இலக்கணத்தையும் அறியாத அவர், அவ்வினாவை எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்பதை மட்டும் தவறாமல் அறிந்திருந்தார்.

மாணவ நண்பர்காள்! நிரூபணம் என்பது வல்லவர் ஆடும் விளையாட்டு என்று கருதி ஒதுங்கற்க. 'எல்லாம்' என்று எழுதும்போது, அவ்வெல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க நம்மால் இயலுமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தலே அதன் தொடக்கம். 'இல்லை' என்று எழுதும்போது, கேட்பவர் எதனை இல்லை என்று கொள்வார் என்று எண்ணிப் பார்த்தல் அதன் மற்றொரு பாதி. இவ்விரண்டையும் யான் நூலிற் கற்குமுன் ஒரு பொய்யாற் கற்றேன். நீவிர் நூலிலேயே கற்பீராக.